தலையசைப்பு தீர்ப்பாகுமா?

நாடாளும் உரிமையை மக்களிடம் கொடுத்துவிட்டோம். நீதி வழங்கும் உரிமையை மட்டும் ஏன் ஒரு தனி மனிதரின் பேனாவிடம் ஒப்படைத்தோம்? இப்படி ஒரு கேள்வி அவ்வப்போது எழுப்பப்படுகிறது. ஜூரி முறையை ஒழித்தது மக்களாட்சிக்கு இழைத்த தீங்கு என்போர் இருக்கின்றனர். ஊரார் ஒன்பது பேரை உட்கார வைத்து, சாட்சியத்தைக் கேட்கச் செய்து, குற்றவாளியா அல்லவா என்று அவர்கள் வாயால் சொல்ல வைப்பதே உண்மை நீதி என்று அவர்கள் வாதிடுகின்றனர்.

கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் நீதி என்பது செவிக்கு விருந்தன்று, எளியவனுக்குக் காவல். அந்தக் காவல் எங்கே இருக்கிறது? பலர் தலையசைப்பதிலா, ஒருவர் எழுதுவதிலா? இதுதான் நம்முன் உள்ள கேள்வி. இதற்கு விடை தேடச் சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. பாம்பனுக்கு வந்தால் போதும்.

ஐவர் கண்ட தூக்குக் கயிறு

2014ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள். கொழும்பு உயர்நீதிமன்றம் தங்கச்சிமடம் மீனவர் ஐவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், 2011 நவம்பரில், இலங்கைக் கடற்படை அவர்களைக் கடலில் பிடித்தது. போதைப்பொருள் கடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. மீன் பிடிக்கப் போனவர்கள் தூக்குமேடைக்கா போவது என்று பாம்பன் தீவு கொந்தளித்தது. பேருந்து எரிந்தது, தண்டவாளம் பெயர்ந்தது, பெண்களும் குழந்தைகளும் வீதிக்கு வந்தனர்.

நவம்பர் மாதத்திலேயே ஐவரும் விடுதலையாயினர். எப்படி? மேல் மன்றம் வழக்கை ஆராய்ந்து, ‘இவர்கள் குற்றமற்றவர்கள்’ என்று சொல்லியா? இல்லை. அன்றைய குடியரசுத் தலைவர் மகிந்த ராஜபக்சே மன்னிப்பளித்தார். அந்த மன்னிப்புக்கு வழிவிடுவதற்காக, தாக்கல் செய்யப்பட்டிருந்த மேல்முறையீடு திரும்பப் பெறப்பட்டது. உயிர் மீண்டது, அதற்காக மகிழ்ந்தோம். ஆனால் நீதி? அது பாக் நீரிணையின் நடுவிலேயே நின்றுவிட்டது. குற்றமற்றவர் என்ற தீர்ப்போடு வீடு திரும்ப வேண்டியவர்கள், மன்னிக்கப்பட்டவர்கள் என்ற சீட்டோடு திரும்பினார்கள்.

தனி நீதிபதி ஒருவர் முன் நடந்த வழக்கு ஆதலால்தான் இந்தக் கதி. ஜூரி இருந்திருந்தால் மனிதநேயம் பேசியிருக்கும் என்று வாதிடலாம். வாதத்துக்கு ஒப்புக்கொள்வோம். ஆனால் கொழும்பில் அந்த ஜூரியாக யார் உட்கார்ந்திருப்பார்கள்? இலங்கையில் ஜூரி முறை முற்றாக ஒழிந்துவிடவில்லை. கொலை போன்ற சில பெருங்குற்ற வழக்குகளில், எதிரி விரும்பினால், எழுவர் கொண்ட ஜூரி அமரும். ஏழில் ஐவர் ஒத்துப்போனாலே முடிவு. அந்த ஜூரி தமிழனுக்கு என்ன வழங்கிற்று என்பதை அந்நாட்டின் அண்மைக்கால வரலாறே சொல்லட்டும்.

எழுவர் சொன்னது என்ன?

1996 பிப்ரவரியில் திருகோணமலை மாவட்டம் குமாரபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். படைவீரர்கள் மீது வழக்கு வந்தது. இருபது ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் வழக்கு எங்கே விசாரிக்கப்பட்டது? கொலை நடந்த திருகோணமலையில் அல்ல, அனுராதபுரத்தில். உயிர் பிழைத்தோர் அங்கே போய் கூண்டிலேறிச் சாட்சி சொன்னார்கள். 2016 ஜூலையில் ஜூரி கூறிற்று: முன்னாள் படையினர் அறுவரும் குற்றவாளிகள் அல்லர்!

அதே ஆண்டு இறுதியில் இன்னொரு தீர்ப்பு. யாழ்ப்பாண மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராசா ரவிராஜ் 2006 நவம்பர் 10ஆம் நாள் கொழும்பு நகரில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். எதிரிகள் தரப்பு சிங்களம் பேசும் ஜூரியைக் கேட்டது. கொல்லப்பட்டவரின் தரப்பு மறுத்து வாதாடியது. மறுப்பு ஏற்கப்படவில்லை. 2016 டிசம்பர் 24ஆம் நாள் பிறக்கும் நள்ளிரவு வேளையில் ஜூரி வாய் திறந்தது: கடற்படைப் புலனாய்வினர் உள்ளிட்ட எதிரிகள் அனைவரும் விடுதலை!

ஏன் விடுதலை? எந்தச் சாட்சி பொய்யன்? எந்தச் சான்று செல்லாது? எந்த ஐயத்தின் பயன் எதிரிகளுக்குக் கிடைத்தது? ஜூரி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. இதுதான் ஜூரி முறையின் உயிர்நிலைக் குற்றம். விடுவித்ததைக் கூட ஒருவாறு பொறுக்கலாம். சான்று போதாதபோது விடுவிப்பதும் நீதியே. ஆனால் காரணம் கூறாமல் விடுவித்தால், அது சான்றின் குறையா, இனப்பற்றின் நிறைவா என்று எந்த மனிதன் பிரித்தறிய முடியும்? கணவனை இழந்த பெண்ணின் கையில் ஒரு தாள் கூட இல்லை, ‘இந்த வரி தவறு’ என்று விரல் வைத்துக் காட்ட!

இதே இலங்கையில், இதே காலத்தில், மற்றொரு வழக்கைப் பாருங்கள். 2000 டிசம்பரில் யாழ்ப்பாணத்துக்கு அருகே மிருசுவிலில், தம் வீட்டைப் பார்த்துவரச் சென்ற தமிழர் எண்மர் கொன்று புதைக்கப்பட்டனர்; அவர்களுள் சிறுவர்களும் உண்டு. அந்த வழக்கு ஜூரி முன் போகவில்லை. மூன்று நீதிபதிகள் கூடி விசாரிக்கும் ‘ட்ரயல் அட் பார்’ மன்றத்தின் முன் போயிற்று. எதிரிகள் சிலரைச் சான்றில்லை என்று விடுவித்த அம்மன்றம், சுனில் ரத்நாயக்க என்ற படைவீரரைக் குற்றவாளி என்று 2015 ஜூனில் தீர்ப்பளித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். உச்ச நீதிமன்றம் கீழ் மன்றத்தின் காரணங்களை எடை போட்டு, 2019இல் தண்டனையை உறுதி செய்தது.

பிறகு? 2020 மார்ச்சில் குடியரசுத் தலைவர் கோத்தபய ராஜபக்சே அவருக்கு மன்னிப்பளித்து வெளியே விட்டார். அண்ணன் நம்மவர் ஐவரை மன்னித்தார். தம்பி நம்மவரைக் கொன்றவரை மன்னித்தார். அரசியல்வாதியின் அருள் இருபுறமும் கூர்மையுள்ள கத்தி என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? ஆனால் ஒன்றை மறவாதீர். மன்னிப்பு சிறைக் கதவைத் திறந்தது, தீர்ப்பை அழிக்கவில்லை. கொன்றவர் யார், எப்படி, எந்தச் சான்றால் மெய்ப்பிக்கப்பட்டது என்பது எழுத்தில் நிற்கிறது. எந்த ஆணையாலும் அந்த எழுத்தை அழிக்க முடியாது. ரவிராஜ் வழக்கிலும் குமாரபுரம் வழக்கிலும் ஜூரி விட்டுச் சென்றது வெறும் சொல். மிருசுவில் வழக்கில் நீதிபதிகள் விட்டுச் சென்றது ஆவணம்.

அயலானை மட்டுமா சொல்கிறோம்?

‘அது சிங்கள ஜூரி, நம் ஜூரி அப்படியா?’ என்று நெஞ்சை நிமிர்த்துவோருக்கு ஒரு கேள்வி. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் நடுக்கடலில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். இலங்கைக் கடற்படை தனக்குத் தொடர்பில்லை என்று மறுத்தது. ஒரு பேச்சுக்கு, கடற்படை வீரர் ஒருவரைக் கொண்டுவந்து, பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் பொறுக்கிய ஒன்பது பேர் முன் நிறுத்தினால் என்ன தீர்ப்பு வரும்? சாட்சியம் தொடங்குமுன்பே அனைவரும் அறிவோம். படகு இழந்தவன், மகனை இழந்தவன், சிறையில் தம்பியை வைத்திருப்பவன் துலாக்கோலை எப்படிப் பிடிப்பான்? அவன் கொதிப்பு நியாயமானது. ஆனால் நியாயமான கொதிப்பு வேறு. நியாயத் தீர்ப்பு வேறு.

இராமநாதபுரம் மாவட்டத்துக்கு 1957 நினைவிருக்கிறது. முதுகுளத்தூர்க் கலவரத்தில் ஊர் ஊராகச் சாதி பார்த்துக் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. அந்தச் சாம்பல் ஆறுமுன் அவ்வட்டாரத்து ஊர்களிலிருந்து ஜூரர்களை அழைத்திருந்தால், எதிரியின் குற்றத்தையா அவர்கள் முதலில் கேட்டிருப்பார்கள்? எதிரியின் சாதியையன்றோ கேட்டிருப்பார்கள்! வெள்ளைக்காரனும் இதைத்தான் செய்தான். 1883இல் இல்பர்ட் மசோதா, இந்திய நீதிபதி ஐரோப்பியனை விசாரிக்கலாம் என்று சொன்னபோது, இந்தியாவிலிருந்த ஐரோப்பியர் கூச்சலிட்டனர். கடைசியில் பெற்ற சமரசம் என்ன? ஐரோப்பிய எதிரி கேட்டால், பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியர் அமர்ந்த ஜூரி. நிறவெறிக்கு ஜூரி என்று பெயர் சூட்டி, நீதி என்று விற்றனர்.

அமெரிக்காவில் நடந்ததும் அதுவே. 1955இல் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கொலையாளிகளை விடுவித்தது. மறு ஆண்டு அவர்களே ஒரு பத்திரிகையிடம் தாங்கள் கொன்றதை ஒப்புக்கொண்டனர். ஜூரி பிறந்து வளர்ந்த மரபுக்குரிய மண்ணிலேயே இந்தக் கதி!

மறைந்த மூவரும், மறையாத ஒருவரும்

தமிழ்நாட்டில் ஜூரி எப்படி நடந்தது? மாவட்டங்களில் பல வழக்குகளில் அசெசர்கள் என்போர் நீதிபதிக்கு அருகில் அமர்ந்து கருத்துச் சொல்வர். அக்கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. சென்னை உயர்நீதிமன்றத்தின் செஷன்சில் ஜூரி அமர்ந்தது. அங்கே நடந்த வழக்குகளுள் தமிழ்நாடே பேசியது இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1944 நவம்பரில் பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் குத்தப்பட்டு இறந்தார். தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் எதிரிகளாயினர். ஒன்பது ஜூரர்களில் அறுவர் குற்றவாளிகள் என்றனர். மூவர் அல்லர் என்றனர். 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மேல்முறையீடு சென்னையில் மீண்டும் கேட்கப்பட்டு, 1947இல் இருவரும் விடுதலையாயினர். இரண்டு ஆண்டுக்கும் மேலாகச் சிறை. ஒருவர் பாட்டும் மற்றவர் சிரிப்பும் நாட்டுக்கு இல்லாமற் போயின.

அந்த மூவர் ஏன் மறுத்தனர்? எந்தச் சாட்சியை நம்பவில்லை? அவர்கள் மனத்தில் எழுந்த ஐயம் எது? ஒருவருக்கும் தெரியாது. ஒன்பதில் மூன்று என்ற எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது, எண்ணம் மறைந்தது.

இப்போது வேறொரு வழக்கைத் திரும்பிப் பாருங்கள். 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். ஆளவந்த அரசு ஜூரியை ஒதுக்கிவிட்டு, 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி உயர்நீதிமன்ற நீதிபதிகள் மூவரின் முன் வழக்கை வைத்தது. அந்த ஏற்பாட்டின் நோக்கத்தை நாம் போற்றவில்லை. ஆயினும் மூவருள் ஒருவரான சங்கரன் நாயர் மாறுபட்டார். மாறுபட்டதோடு நில்லாமல், ஏன் மாறுபட்டார் என்று எழுதினார். நூறாண்டு கடந்தும் அதைப் படிக்கலாம்; எடை போடலாம்; ஏற்கலாம், மறுக்கலாம். அடக்குமுறை அரசு அமைத்த மன்றத்தில் கூட எழுத வேண்டிய கடமை ஒரு மனச்சான்றைக் காத்து வைத்தது. ஊரார் அமர்ந்த மன்றத்தில் பேசாத உரிமை மூன்று மனச்சான்றுகளைப் புதைத்துவிட்டது!

பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி வழக்கு இதன் சிகரம். 1959இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்றது. வெளியே பத்திரிகைப் பரபரப்பு. தெருவெல்லாம் அனுதாப அலை. செஷன்ஸ் நீதிபதி அம்முடிவை ஏற்க மறுத்து உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர்நீதிமன்றம் 1960இல் ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் 1961இல் அதை உறுதி செய்தது. அந்த ஒரு வழக்கே ஜூரிக்கு முடிவு கட்டியது என்பர். அது முழு உண்மையன்று. 1958லேயே சட்ட ஆணையம் தன் 14ஆம் அறிக்கையில் ஜூரி வேண்டாம் என்று பரிந்துரைத்திருந்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது ஜூரி முற்றாக விடைபெற்றது. சிங்கப்பூரும் 1969இல் அதை நீக்கியது. மலேசியா 1995இல் கைவிட்டது. பல இனத்தார் வாழும் நாடுகள் பட்டறிந்து எடுத்த முடிவு இது.

நீதிபதி மட்டும் தவறாதவரா?

மாற்றார் இங்கேதான் தம் கடைசி அம்பை எய்வர். ‘நீதிபதிகள் வானத்திலிருந்து வந்தவர்களா? கீழ்வெண்மணியை மறந்தீரா?’ என்பர்.

மறக்கவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட உழவர் குடும்பத்தார் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். கீழ் மன்றம் தண்டித்த மிராசுதாரர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. நிலபுலமும் செல்வமும் உடையவர்கள் ஆள் அனுப்பியிருப்பார்களே தவிர, தாமே நேரில் போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற போக்கில் அமைந்தது அந்தத் தீர்ப்பு. ஆம், நீதிபதிகளும் தவறுவர். கொடிய தவறும் செய்வர்.

ஆனால் எண்ணிப் பாருங்கள். அந்தத் தீர்ப்பின் கொடுமையை நாம் எப்படி அறிந்தோம்? அவர்கள் எழுதியதால் அறிந்தோம்! செல்வன் தீ வைக்க மாட்டான் என்ற எண்ணம் நெஞ்சில் இருந்தது, தாளில் இறங்கியது, நாட்டின் முன் நின்றது. அன்று முதல் இன்று வரை அந்த வரிகள் குற்றவாளிக் கூண்டிலேயே நிற்கின்றன. அதே எண்ணம் ஒன்பது ஜூரர் நெஞ்சில் இருந்திருந்தால்? ‘குற்றவாளிகள் அல்லர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். எதிர்த்துப் பேச நமக்கு ஒரு வரியும் கிடைத்திராது. ஆகவே கீழ்வெண்மணி ஜூரிக்குச் சான்றன்று, எழுத்துக்குச் சான்று.

மன்னனுக்கு அடங்கிய நீதிபதிகள் ஆண்ட காலத்தில் ஜூரி குடிமகனுக்குக் கேடயமாயிற்று என்பதை மறுக்கவில்லை. 1670இல் இலண்டனில் வில்லியம் பென் வழக்கில், நீதிபதிகள் மிரட்டியும் பட்டினி போட்டும் ஜூரர்கள் பணியவில்லை. அது வீரம்தான். ஆனால் அந்தக் கேடயம் வலியவன் கைக்குப் போனபின் எளியவன் மார்பில் இடிக்கும் சுவராயிற்று. இன்றும் மக்கள் பங்கேற்பே வேண்டும் என்போர், ஸ்பெயின் 1995இல் கொண்டுவந்த ஜூரிச் சட்டத்தைப் பார்க்கட்டும். அங்கே ஜூரியும் தன் முடிவுக்குக் காரணம் கூற வேண்டும். காரணமின்றி நீதி நிற்காது என்பதை ஜூரியை விரும்பிய நாடே ஒப்புக்கொண்ட பிறகு, இங்கே என்ன வழக்காட்டம்?

பாம்பனுக்கு வேண்டுவது

நம் சட்டம், பழையதும் அதன் இடத்தில் 2024 ஜூலையில் வந்த புதியதும், நீதிபதிக்கு ஒரு கட்டளை இடுகிறது: ஆராய வேண்டிய வினா, அதற்கு முடிவு, முடிவுக்குக் காரணம் ஆகிய மூன்றும் தீர்ப்பில் இருக்க வேண்டும். செஷன்ஸ் மன்றம் தூக்கு விதித்தால் உயர்நீதிமன்றம் உறுதி செய்யாமல் கயிறு ஏறாது. நல்ல ஏற்பாடு. ஆனால் எழுதப்பட்ட காரணம் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தால், எழுதாத காரணத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? தண்டிக்கப்பட்டவர் கேட்டால், அவர் மொழியில் தீர்ப்பின் மொழிபெயர்ப்பைத் தரவேண்டும் என்கிறது சட்டம். ஆனால் நடுவில் ஒரு சொல்லைச் செருகியிருக்கிறது: ‘இயலுமாயின்’! தண்டிக்க இயன்றதே, எழுத இயன்றதே, மொழிபெயர்க்க மட்டும் இயலாதா?

கீழ்நிலை நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பெழுத 1976லேயே தமிழ்நாட்டுச் சட்டம் வழி வகுத்தது. ஆங்கிலத் தீர்ப்புகள் வெளிவருவது இன்னும் நின்றபாடில்லை. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது; டில்லி இசையவில்லை. ஜூரியை ஒழித்தபோது மக்களின் வாயை மன்றத்திலிருந்து எடுத்தார்கள். அதற்கு ஈடாக மக்களின் மொழியை மன்றத்துக்குள் வைத்திருக்க வேண்டும். அந்தக் கடன் இன்னும் தீர்க்கப்படவில்லை.

கடலுக்கு அப்பால் நிலைமை இன்னும் கடுமை. 2024 பிப்ரவரியில் ஊர்காவற்றுறை நீதிமன்றம் இராமேசுவரம் விசைப்படகு ஓட்டுநர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. அதைக் கண்டித்து இராமேசுவரம் மீனவர் அவ்வாண்டு கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையே புறக்கணித்தனர். ஊர்காவற்றுறையில் பேசப்படுவது தமிழ். புத்தளத்திலும் கொழும்பிலும் நம்மவர் கூண்டில் நின்று கேட்பது தமக்கு விளங்காத மொழி.

ஆதலால் கோருகிறோம். கடலில் பிடிபட்ட ஒவ்வொரு மீனவருக்கும் முதல் நாளிலேயே இந்தியத் தூதரகம் வழக்கறிஞரை அமர்த்த வேண்டும். குற்றப்பத்திரிகையும் தீர்ப்பும் தமிழில் அவர் கையிலும் குடும்பத்தார் கையிலும் சேர வேண்டும். மேல்முறையீடு செய்யப்பட வேண்டும். செய்தபின், ஒரு தலைவரின் கருணையை வாங்குவதற்காக அதைக் கைவிடும் நிலை இன்னொரு முறை வரக் கூடாது. தமிழ்நாட்டுக் கீழ் மன்றங்களின் குற்றவியல் தீர்ப்பு ஒவ்வொன்றும் தமிழில் எழுதப்பட வேண்டும். ‘இயலுமாயின்’ என்ற சொல் சட்டத்திலிருந்து நீக்கப்பட வேண்டும்.

ஜூரியைக் கேட்போரே! ஒன்பது நாற்காலிகளைக் கேட்காதீர். அந்த நாற்காலிகளில் ஏழை மீனவன் ஒருநாளும் அமர்ந்ததில்லை. அமர்ந்தவர்கள் அவனுக்குக் காரணம் சொன்னதும் இல்லை. ஒரு தாளைக் கேளுங்கள். அவனை ஏன் தண்டித்தார்கள், அல்லது ஏன் விடுவித்தார்கள் என்று அவன் மகள் உரக்கப் படித்துக் காட்டக்கூடிய தமிழ்த் தாளைக் கேளுங்கள். அதைப் பெறும்வரை நாமும் கேட்டுக்கொண்டே இருப்போம்.